அம்மாவின் செம்போடு முக்திநாத் வரை

மார்ச் 2, போக்ரா

அம்மாவுக்கு 78 வயது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் திருவல்லிக்கேணி. 108 திவ்ய தேசங்களில் 71 சேவித்துவிட்டாள். முழங்கால் வலி வந்த பிறகு மீதியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள், ஒன்றைத் தவிர. திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடிய சாளக்கிராமம். நேபாளத்தில் முக்திநாத் என்கிறார்கள். அங்கே சைக்கிளில் போகப்போகிறேன் என்று சொன்னதும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். திருகு மூடி போட்ட சின்னச் செப்புச் செம்பு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். "தீர்த்தம் கொண்டு வா. அது போறும்."

கூட வந்திருப்பது அக்கா பையன். 24 வயது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்வருவது எங்கள் இருவருக்கும் பல வருடப் பழக்கம். சென்னையில் ஏற்றம் வேண்டும் என்றால் பரங்கிமலைதான். வருடத்துக்கு ஒரு முறை ஏலகிரி போய் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டு வருவோம். இங்கே ஏற வேண்டியது 3,700 மீட்டருக்கும் மேலே. பயம் இருக்கத்தான் செய்தது.

ஏரிக்கரைக் கடையில் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். ஒரு நாளைக்கு 2,000 நேபாள ரூபாய், நம் காசில் 1,250. எல்லாம் புதுசு என்றார்கள். பிரேக்கை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு நம்பிக் கிளம்பினேன். அன்னபூர்ணா பகுதிக்குள் போக அனுமதிச் சீட்டு 1,000 ரூபாய். செம்பு கடகடவென்று ஆடாமல் இருக்க அதற்கு ஒரு கம்பளிச் சாக்ஸ் மாட்டி, பாட்டில் வைக்கும் கூட்டில் செருகினேன்.

மார்ச் 3, போக்ரா – பேனி

ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நௌடாண்டா ஏற்றத்திலேயே தொடை கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. சாலையை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் பாதி தூரம் தார் இல்லை. லாரி ஒன்று தாண்டிப் போனால் அடுத்த ஒரு நிமிடத்துக்கு எதிரே எதுவும் தெரியாது. வழியில் லும்லே. சென்னைக்கு ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் என்றால் இங்கே 5,000க்கும் மேல். மார்ச் மாதம் என்பதால் எங்களுக்குக் கிடைத்தது புழுதிதான்.

பேனியில் ராத்திரி தால் பாத். 300 ரூபாய். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய். தட்டில் சோறு தீர்வதற்குள் பாத்திரத்தோடு வந்து நிற்கிறார்கள். தட்டுக்கு மேலே கையை வைத்து மறைத்தால்தான் நகர்கிறார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சித்தப்பா பரிமாறுவது இப்படித்தான். பையன் நான்கு முறை வாங்கினான். காசு ஒன்றுதான்.

மார்ச் 4, தாதோபானி

25 கிலோமீட்டர் கூட இல்லை. மதியமே வந்துவிட்டோம். தாதோ என்றால் சூடு. ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றைத் தொட்டி கட்டி விட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இறங்கினோம். நேற்றைய புழுதி போயிற்று.

மார்ச் 5, தாதோபானி – காலோபானி

இன்றைக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். காலை 6 மணிக்குக் கிளம்பி மாலை 5 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தாதோபானி 1,200 மீட்டர் உயரம், காலோபானி 2,500. இடது பக்கம் தவளகிரி 8,167 மீட்டர், வலது பக்கம் அன்னபூர்ணா 8,091 மீட்டர். நடுவில் காளி கண்டகி அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தாக்கில்தான் சாலை. சாலை என்பதைவிடப் பாறையில் செதுக்கிய விளிம்பு என்று சொல்லலாம். உருண்டைக் கற்கள், அவற்றின் மேலே ஓடும் ஓடைகள். ரூப்சே அருவிக்குக் கீழே சாரல் முகத்தில் அடித்தது. அங்கே பத்து நிமிடம் நின்றதுதான் இன்றைக்குக் கிடைத்த ஓய்வு.

காசாவுக்கு முன்னால் மண் சரிந்து கிடந்தது. புல்டோசர் வேலை முடியும் வரை ஜீப், பஸ், லாரி எல்லாம் வரிசையில். ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் பின் சக்கரம் கல்லில் சறுக்கி, சைக்கிள் வலது பக்கமாக விழுந்தது. தூக்கி நிறுத்தி மிதித்தால் சரசரவென்று சத்தம். கியர் மாற்றும் கருவியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியக் காது உள்பக்கமாக வளைந்து, கருவி சக்கரக் கம்பிகளில் உரசுகிறது. அந்தக் காது ஏற்கெனவே ஒரு முறை வளைந்து நிமிர்த்தியது என்பது பக்கத்தில் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதன் நடுவில் தலைமுடி போல ஒரு வெள்ளைக் கீறல். உடைந்தால் முடிந்தது கதை, மாற்றுப் பொருள் கையில் இல்லை. கடைக்காரர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நானும் பார்த்திருக்க வேண்டும்.

வரிசையில் நின்ற லாரி ஒன்றின் டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். எதுவும் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து, கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தன் பெட்டியிலிருந்து திருகு ஸ்பேனரை எடுத்து, அந்தக் காதில் பழைய துணியைச் சுற்றிக் கவ்வினார். உடனே நிமிர்த்திவிடவில்லை. ஒரு நூல் அளவு இழுப்பார். விடுவார். கண்ணைச் சுருக்கிப் பின்னாலிருந்து பார்ப்பார். மறுபடி ஒரு நூல். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று அலுமினியத்திடம் பேசுவது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். இருபது நிமிடம் ஆயிற்று. கருவியை மாட்டிச் சுற்றினால் உரசல் இல்லை. பின்னாலிருக்கும் பெரிய பல்சக்கரத்தில் மட்டும் போடாதே என்று சைகையில் காட்டினார்.

பணம் நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார். பையிலிருந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினேன். ஒன்றே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை கிளீனர் பையனுக்குக் கொடுத்தார்.

ஏற்றத்தை இலேசாக்கும் அந்தப் பெரிய பல் இல்லாமல் காசாவுக்கு மேலே ஏறியது இதுவரை நான் சைக்கிளில் பட்ட கஷ்டங்களிலேயே பெரியது. பாதி தூரம் தள்ளினேன். பையன் முன்னால் போய்ப் போய் நின்றான்.

மார்ச் 6, மார்ஃபா

காலையில் கதவைத் திறந்தால் எதிரே நீலகிரி. பெயரைக் கேட்டதும் ஊட்டி ஞாபகம் வந்தது. இந்த நீலகிரி 7,000 மீட்டருக்கும் மேலே, உச்சி முழுக்கப் பனி.

பைன் காடு தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்து, ஆறு ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குக் கூழாங்கல் மைதானமாகிவிடுகிறது. 11 மணிக்குக் காற்று ஆரம்பித்தது. பகலில் வடக்கே திபெத் பக்கத்து மேட்டு நிலம் சூடாகும், காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று பாய்கிறது. வடக்கு நோக்கிப் போகிற எங்களுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. திரும்பி வரும்போது இதே காற்று முகத்தில் அடிக்கும் என்று பையன் சொன்னான். அதை அப்போது யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ஃபாவில் வீடெல்லாம் வெள்ளை. தெருவுக்கு அடியில் கல் பாவிய கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம். ஆப்பிள் ஊர். மரங்கள் இலையில்லாமல் நின்றாலும் காய்ந்த ஆப்பிள் வளையங்கள் எல்லாக் கடையிலும் தொங்கின. தகாளிகள் என்ற இந்தப் பகுதி மக்களின் வீட்டுச் சாப்பாட்டில் பருப்புக்கு ஜிம்பு என்று ஒரு காய்ந்த புல்லை நெய்யில் பொரித்துத் தாளிக்கிறார்கள். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் ஒரு வாசனை. அம்மா கையில் கிடைத்தால் என்ன செய்வாள் என்று நினைத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். 150 ரூபாய்.

மார்ச் 7, காக்பேனி

ஜோம்சோமில் விமானங்கள் காலையில் மட்டும்தான், காற்று கிளம்பினால் நிறுத்திவிடுவார்கள். அந்த ஊரைத் தாண்டியதும் பச்சையே இல்லை. மண் நிற மலை, அதற்கு மேலே வெள்ளை. ஆற்றுப் படுகையில் கறுப்புக் கற்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு சிலர் திரிந்தார்கள். சாளக்கிராமக் கல் தேடுகிறார்கள். கல்லைப் பிளந்தால் உள்ளே சக்கரம் சக்கரமாகச் சுருள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த உயிர்களின் ஓடு அது. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பட்டுத் துணியில் தூங்கும் கல் இந்த ஆற்றிலிருந்து போனதுதான் என்பதை, காலடியில் அதே கறுப்பைப் பார்த்தபோது முதல் முறையாக உணர்ந்தேன்.

காக்பேனி 2,800 மீட்டர். காளி கண்டகியோடு இன்னொரு ஆறு சேரும் இடம். பித்ருக்களுக்குப் பிண்டம் போட வடநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அப்பாவை நினைத்துக்கொண்டு ஆற்றில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் காலை வெட்டியது.

தங்கிய வீட்டம்மாவை எல்லோரும் தீதீ என்று கூப்பிடுகிறார்கள், அதாவது அக்கா. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தணல் சட்டி. மேஜையைச் சுற்றிக் கனத்த கம்பளி தொங்குகிறது. காலை உள்ளே விட்டுக் கம்பளியை மடிமேல் இழுத்துக்கொண்டால் இடுப்புக்குக் கீழே சென்னை.

நாளைக் காலை ஏறுகிறோம் என்றேன். ஜன்னல் வழியாக நீலகிரிப் பக்கம் மேகத்தைப் பார்த்தார். "போலி ந ஜானுஸ்" என்றார். நாளை போகாதீர்கள்.

மார்ச் 8, காக்பேனி

போனோம்.

மேகம் இருந்தது, ஆனால் மழையோ பனியோ இல்லை. நல்ல தார்ச்சாலை. இங்கிருந்து முக்திநாத் 12 கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் 900 மீட்டர் ஏற வேண்டும். ஏலகிரியை ஒரு முறை ஏறுவது மாதிரி என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் உயரத்தில் காற்று மெலிவதைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மூச்சு பிடிக்க நிற்க வேண்டியிருந்தது. நூறு மிதி, பிறகு நின்று முப்பது மூச்சு. கொஞ்ச நேரத்தில் ஐம்பது மிதிக்கே நின்றோம்.

கிங்கார் கிராமத்துக்குப் பக்கத்தில் பனி விழ ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பனி விழுவதைப் பார்க்கிறேன். சத்தமே இல்லை. அதுதான் நான் எதிர்பார்க்காதது. மழை என்றால் நமக்குச் சத்தம்தானே. இது கையுறை மேலே வந்து உட்கார்ந்து, ஆறு கூர்களும் தெரியும்படி ஒரு கணம் இருந்துவிட்டுக் கரைகிறது. அந்த அழகில் நான் பையனைக் கவனிக்கவில்லை.

அரை மணி நேரமாக அவன் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்க நின்றபோது பாட்டில் முனை உறைந்திருந்தது. "கடிச்சு உடைடா" என்றேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். பிறகு சாலையோரம் போய் வாந்தி எடுத்தான்.

"தலை வலிக்குதா?"

"காலைல இருந்தே மாமா. சொன்னா நீங்க திரும்பிடுவீங்கன்னு சொல்லலை."

ஜார்கோட் கிராமத்தின் மண் வீடுகள் மேலே மேட்டில் தெரிந்தன. அதற்கப்புறம் கோயிலுக்கு நாலு கிலோமீட்டர் கூட இருக்காது. அம்மாவின் செம்பு சாக்ஸுக்குள் காலியாக இருந்தது. மேலே போய்விட்டு உடனே இறங்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிடம் முழுக்க அந்த யோசனையோடு நின்றேன். அக்கா ஏர்போர்ட்டில் எதுவும் சொல்லாமல் இவன் ஜெர்கின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டது ஞாபகம் வந்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

இறங்குவதும் சுலபமாக இல்லை. பனி படிந்த வளைவுகளில் பிரேக் பிடித்தால் வழுக்கியது. விரல் மரத்துப்போய், பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. வளைவுகளில் எல்லாம் இறங்கி நடந்தோம்.

தீதீ வாசலிலேயே நின்றார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. பையன் முகத்தைப் பார்த்து "லேக் லாக்யோ" என்றார். மலை பிடித்துக்கொண்டது. மேஜைக்கு அடியில் புதுத் தணல் போட்டு, அவனை உட்காரவைத்து, பூண்டை நசுக்கிப் போட்ட சூப் ஒரு பெரிய கிண்ணம் கொடுத்தார். பூண்டு குணமாக்கியதோ, 600 மீட்டர் இறங்கியது குணமாக்கியதோ, சாயங்காலத்துக்குள் தலைவலி குறைந்தது. இறங்கியதுதான் உண்மையான மருந்து. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், கூட வருபவரிடம் மணிக்கொரு தரம் கேளுங்கள். அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மார்ச் 9, காக்பேனி

ஓய்வு. ராத்திரி முழுக்கப் பனி பெய்து, காலையில் கூரை விளிம்பில் குவித்து வைத்திருந்த விறகெல்லாம் வெள்ளை. நேற்று மேலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கு வீடியோ கால். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, பின்னால் கம்பளிக்குள் இருந்தவனைத்தான் பார்த்தாள். "தீர்த்தம் எங்கேயும் ஓடிப்போகாது. குழந்தையைப் பாரு."

பையன் மதியம் இரண்டு தட்டு தால் பாத் சாப்பிட்டான். தலைவலி போய்விட்டது என்று சத்தியம் செய்தான். நான் நம்பினேன், ஆனாலும் நான்கு முறை கேட்டேன்.

மார்ச் 10, முக்திநாத்

நீல வானம். ஒரு மேகம் இல்லை. இன்றைக்கு தீதீயே 5 மணிக்கு எழுப்பினார். கோதுமை ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கட்டிக் கொடுத்து, வாசலில் "பிஸ்தாரை" என்றார். லாரிக்காரர் சொன்ன அதே சொல்.

இந்த முறை அந்தச் சொல்லைக் கேட்டோம். பத்து நிமிடம் மிதி, ஐந்து நிமிடம் நிறுத்தம், களைத்தாலும் களைக்காவிட்டாலும். நிற்கும்போதெல்லாம் பையனிடம் பெருக்கல் கணக்கு கேட்டேன். பதினேழு எட்டு எவ்வளவு என்றால் டக்கென்று சொன்னான். கிங்காரில் வெயில். சாலையில் பனி உருகி ஓடியது, நிழல் விழும் வளைவுகளில் மட்டும் கண்ணாடி போலப் பனிக்கட்டி. அங்கே தள்ளினோம். ஜார்கோட்டைத் தாண்டும்போது தவளகிரி முழுசாகப் பின்னால் எழுந்து நின்றது. திரும்பிப் பார்க்கிற சாக்கில் நிறைய முறை நின்றோம்.

3,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லை. கடைசி ஒரு கிலோமீட்டரில் நூறு அடி மிதித்தால் கண்ணில் பூச்சி பறந்தது. ராணிபௌவாவில் சைக்கிள்களை விட்டுவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு பனி மிதிபட்ட படிகளில் ஏறினோம். டீ 150 ரூபாய். பேனியில் 40.

கோயில் சின்னது. மூன்று அடுக்குக் கூரை, மேலே பனி. பெருமாளுக்கு நம் பக்கம் ஸ்ரீமூர்த்தி என்று பெயர். அதே மூர்த்தியை பௌத்தர்கள் அவலோகிதேஸ்வரராகக் கும்பிடுகிறார்கள். சன்னிதியில் பௌத்தப் பிக்குணிகள் சேவை செய்கிறார்கள். மெரூன் உடையில் இருந்த ஓர் அம்மா என் நெற்றியில் குங்குமம் வைத்தார். எந்தப் பேச்சும் வேண்டியிருக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் அரை வட்டமாக 108 தாரைகள், மாட்டு முகம் வைத்த பித்தளைக் குழாய்களில் விழுகின்றன. மலை பிடித்து எழுந்தவனை நனையவிடவில்லை. நான் மட்டும் ஓடினேன். பத்தாவது தாரையில் தலை விறைத்தது. அப்புறம் எண்ணவில்லை. கடைசித் தாரையில் செம்பைப் பிடித்தபோது கை நடுங்கி, மூடி திருகவில்லை. பையன் வாங்கி மூடினான்.

படி இறங்கும்போது தமிழ்க் குரல். மேற்கு மாம்பலத்திலிருந்து யாத்திரையாக வந்த முப்பது பேர், கூடவே சமையல்காரர்கள். ஒரு மாமி எங்கள் ஹெல்மெட்டைப் பார்த்து நின்றாள்.

"சைக்கிள்லயா வந்தேள்? பேனிலேர்ந்தா?"

"போக்ராலேர்ந்து மாமி."

"பெருமாளே. வாங்கோ, மொதல்ல சாத்தமுது குடிங்கோ."

எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்க ஊற்றினாள். ரசத்துக்கு அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று. மிளகு காரம் தொண்டையில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. பையன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டான். மூடி கசியாமல் இருக்க செம்பின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்ததும் அந்த மாமிதான். பெயர் கேட்கத் தோன்றவே இல்லை.

மாலைக்குள் காக்பேனிக்கு இறங்கிவிட்டோம்.

மார்ச் 11 முதல் 13 வரை, இறக்கம்

காற்றைப் பற்றிப் பையன் சொன்னது சரி. முதல் நாள் ஜோம்சோமுக்குக் கீழே இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது. மணல் பல்லில் கடிபட்டது. 11 மணிக்கு மேல் சைக்கிளை நேராக நிறுத்த முடியவில்லை. மறுநாளிலிருந்து 5 மணிக்குக் கிளம்பி 11க்குள் தங்கிவிட்டோம். வளைந்த காது கடைசி வரை உடையவில்லை. சரிவு இருந்த இடத்தில் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அந்த டிரைவரைக் காணவில்லை.

மார்ச் 17, சென்னை

மீனம்பாக்கத்தில் வெளியே வந்ததும் 34 டிகிரி வெயில் கட்டிக்கொண்டது.

அம்மா செம்பை வாங்கி, மாம்பலத்து மாமி போட்ட ரப்பர் பேண்டைப் பிரித்து அலமாரிக் கொக்கியில் மாட்டினாள். தீர்த்தத்தைப் பஞ்சபாத்திரத்தில் விட்டு, பெருமாள் முன்னால் வைத்துச் சேவித்தாள். அக்காவும் வந்திருந்தாள். எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டினோம். முதல் உத்தரணியை அம்மா பையன் கையில் விட்டாள்.